பெல்லட் லாட் டெஸ்ட்: 10 மீட்டர் ரைஃபிளுக்குப் பொருந்துற டின்னை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பத்துமீட்டர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். 4.5 மி.மீ. பிசிபி (சிலிண்டர்ல அடைச்ச காற்றுல சுடற) மேட்ச் ரைஃபிள். பெல்லட் (ஈயக் குண்டு) 0.53 கிராம், தட்டைத் தலை, ஹெட் (தலையோட விட்டம்) 4.50 மி.மீ. பழைய டின் தீர்ந்து அதே பெயர், அதே அளவுல புது டின் திறந்ததும் க்ரூப் (அட்டையில குண்டுகள் விழற பரப்பு) விரிஞ்சிடுச்சு. கம்பெனி பேரு வேணாம், யாரையும் குறை சொல்ல இழை போடல. ரைஃபிள்ல ஒரு ஸ்க்ரூவைக்கூட தொடல. சாண்ட்பேக் மேல வெச்சு 5 குண்டு போட்டா ஒரு தடவை சின்னதா வருது, அடுத்த தடவை அதே டின்ல அதோட ஒன்றரை மடங்கு.

வெளிநாட்டு வீடியோக்கள்ல வேட்டை ரைஃபிளுக்கு அவங்களே தோட்டா கட்டி, மருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, துப்பாக்கிக்குப் பிடிச்ச அளவைக் கண்டுபிடிக்கிறாங்க. நம்ம ஏர் ரைஃபிளுக்கு அந்த மாதிரி ஒரு முறை இருக்கா?

---

வேளச்சேரி_வாணி

முறை இருக்கிறது தம்பி, ஆனால் திருகும் குமிழ்கள் வேறு. அவர்கள் கையில் மருந்தின் எடை, தோட்டாவை எவ்வளவு ஆழம் செருகுவது, கேப் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) வகை என்று பல இருக்கின்றன. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்கும் பொதுவாகத் தடை. அந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்வோம். ஏர் ரைஃபிளில் நாம் மாற்றக்கூடியவை மூன்று: லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான டின்கள்), ஹெட் அளவு, வேகம். இதில் முக்கால்வாசி வேலை லாட்டில் முடிந்துவிடும்.

பெட்டியில் உள்ள பெயரை நம்பாதீர்கள். பெல்லட் என்பது ஈயக் கம்பியை வெட்டி அச்சில் அழுத்தி எடுப்பது. அச்சு தேயத் தேய தலையின் விட்டமும் ஸ்கர்ட்டின் (பின்பக்க விளிம்பின்) தடிமனும் மைக்ரான் கணக்கில் நகரும். அச்சை மாற்றினால் பெயர் அதேதான், குண்டு வேறு. டின் மேல் 4.50 என்று போட்டிருப்பது கம்பெனி குறிவைத்த அளவு. உங்கள் பேரலுக்கு அடுத்த லாட்டின் 4.49 பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். ஆகவே கேள்வியை "எந்த பிராண்ட்?" என்று கேட்காமல் "எந்த லாட்?" என்று கேளுங்கள்.

நாலைந்து லாட்டில் ஒவ்வொரு டின் வாங்கி, சோதித்து, ஜெயித்த லாட்டில் ஒரு சீசனுக்கான மொத்தத்தையும் எடுத்துவிடுவதுதான் வழக்கம். சோதித்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாங்கப் போனால் அந்த லாட் கடையில் இருக்காது.

---

ஈயக்குண்டு

வாணிக்கா சொன்னதோட கணக்கை மட்டும் நான் சேர்க்கிறேன். 5 குண்டு க்ரூப் ஒரு தடவை சின்னதா, ஒரு தடவை ஒன்றரை மடங்கா வர்றதுல ரைஃபிளோட தப்பும் இல்ல, டின்னோட தப்பும் இல்ல. சின்ன க்ரூப்போட இயல்பே அதுதான்.

சிதறலோட அடிப்படை அளவை 1-னு வெச்சுக்கோங்க. ஓரத்துக்கு ஓரம் அளக்குற க்ரூப் 3 குண்டுல சராசரியா 2.4 வரும், 5-ல 3.1, 10-ல 3.8. அதாவது எதையும் மாத்தாம குண்டு எண்ணிக்கையை ஏத்தினாலே க்ரூப் வளரும். "3 குண்டுல ஒரே ஓட்டை"ன்னு படம் போடறவங்களோட 10 குண்டு அட்டையைக் கேளுங்க.

இன்னொரு விஷயம். 10 குண்டு க்ரூப்போட விட்டத்தை முடிவு பண்றது ரெண்டே ரெண்டு குண்டு. மீதி எட்டு குண்டு சொன்ன சேதியைத் தூக்கிப் போட்டுடறோம். அதுக்குப் பதிலா சராசரி ஆரம் எடுங்க: எல்லா குண்டோட குறுக்கு, நெடுக்கு அளவைக் கூட்டி வகுத்தா நடுப்புள்ளி. அங்கிருந்து ஒவ்வொரு குண்டும் எவ்வளவு தூரம்னு பார்த்து, அந்தத் தூரங்களுக்குச் சராசரி. எலக்ட்ரானிக் டார்கெட்னா குறுக்கு நெடுக்கு எண்ணை அதுவே கொடுத்துடும்.

10 குண்டுல இந்தச் சராசரி ஆரம் கிட்டத்தட்ட 16% வரைக்கும் சும்மாவே ஆடும். 40 குண்டு போட்டா 8%. ரெண்டு லாட்டை ஒப்பிடும்போது ரெண்டு பக்கமும் ஆட்டம் இருக்கு. அதனால 40 குண்டு டெஸ்ட்ல 20-25% வித்தியாசம் தெரிஞ்சாதான் "இது நல்லது, அது மோசம்"னு சொல்லலாம். 10% வித்தியாசம்னா ரெண்டும் ஒண்ணுதான், விலை கம்மியானதை வாங்குங்க.

---

லேத்மணி_அம்பத்தூர்

சாண்ட்பேக் மேல வெச்சா உங்க கண்ணோட தப்பும் சேர்ந்துதான் அட்டையில விழும். அதுவும் பிசிபியில சிலிண்டரை மூட்டை மேல வெச்சுட்டா போச்சு, ஒவ்வொரு தடவையும் அழுத்தம் வேற வேற. லாட் டெஸ்டுக்கு கிளாம்ப் வேணும்.

ஸ்டாக்கை (கைப்பிடிக் கட்டையை) கிளாம்ப்ல பிடிக்காதீங்க. ஸ்டாக்கைக் கழட்டிட்டு ரிசீவரை (பேரல் மாட்டியிருக்கற உலோக உடலை) பிடிக்கணும். ரிசீவர் உருவத்துக்கு ரெண்டு அரைத் துண்டா அலுமினிய பிளாக், உள்பக்கம் மெலிசா நைலான் பூச் (உறை). அம்பத்தூர் எஸ்டேட்ல எந்த லேத் பட்டறையிலயும் டிராயிங் கொடுத்தா செஞ்சு கொடுப்பாங்க. பேரலை இறுக்கவே கூடாது. மர டெஸ்க்ல போல்ட் போட்டா டெஸ்கே ஆடும். தரையில பதிச்ச கனமான இரும்பு ஸ்டாண்டு இல்லன்னா சிமெண்ட் திண்ணை.

இப்ப முக்கியமான சமாச்சாரம். பேரல் நுனியில 0.01 மி.மீ. டயல் கேஜ் ஒண்ணை காந்த ஸ்டாண்டுல நிறுத்துங்க. லோடிங் லீவரைத் திறந்து மூடினதும் முள் பழைய இடத்துக்கே வரணும். கிளாம்ப்புலருந்து நுனி வரைக்கும் 400 மி.மீ.னு வெச்சா, நுனி 0.01 மி.மீ. நகர்ந்தா 10 மீட்டர்ல 0.25 மி.மீ. நகரும். அது ஸ்கோர்ல சரியா ஒரு 0.1. முள் ரெண்டு கோடு தள்ளி நின்னா நீங்க டெஸ்ட் பண்றது பெல்லட்டை இல்ல, கிளாம்ப்பை. முள் திரும்பி வரலன்னா பூச்சை மாத்துங்க, போல்ட்டை இன்னும் முறுக்காதீங்க. முறுக்கினா ரிசீவர்தான் நெளியும்.

---

சுருள்வில்

மணி அண்ணே, ஸ்பிரிங் ரைஃபிளையும் இப்படி கிளாம்ப்ல மாட்டலாமா?

---

லேத்மணி_அம்பத்தூர்

கூடாது தம்பி. ஸ்பிரிங்ல பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும், பிஸ்டன் முட்டி நிக்கும்போது முன்னாடி உதைக்கும். இதெல்லாம் குண்டு பேரலை விட்டுப் போறதுக்குள்ள நடக்குது. அதை இறுக்கிப் பிடிச்சா கையில சுடும்போது வர்ற இடத்துக்குச் சம்பந்தமே இல்லாம வரும், ஸ்டாக் ஸ்க்ரூவும் தளரும். முன்பக்கம் உள்ளங்கை மேல சும்மா கிடக்கணும், தோள்ல லேசா தொடணும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல. பெல்லட் ஒப்பிடறதுக்கு முன்னாடி ஸ்டாக் ஸ்க்ரூ எல்லாத்தையும் பாருங்க. ஸ்பிரிங் ரைஃபிள்ல "பெல்லட் சரியில்ல"ன்னு வர்ற புகார்ல நிறைய, தளர்ந்த ஸ்க்ரூதான்.

---

வேளச்சேரி_வாணி

கிளாம்ப் தயார் என்றால் சோதனையின் ஒழுங்கு இது.

முதலில் பேரல். ஃபெல்ட் உருண்டைகளைப் பின்பக்கத்திலிருந்து நூல் கட்டி இழுங்கள். கடைசி உருண்டை ஓரளவு வெளுப்பாக வரும்வரை. பித்தளை பிரஷ் வேண்டாம். வாய்ப்பக்கத்திலிருந்து கம்பி விடவே வேண்டாம், அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் எந்த லாட்டும் கைகொடுக்காது. சுத்தம் செய்த பேரல் உடனே நிலைக்கு வராது. ஈயம் மெல்லப் படிந்து சமநிலை ஆகும்வரை 20 குண்டு போட்டு, அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தை 200 பாரிலிருந்து தொடங்கி அடிமட்டம்வரை ஓட்டாதீர்கள். நடுப்பகுதியில், ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) ஒழுங்காக வேலை செய்யும் எல்லைக்குள், எல்லா லாட்டையும் சுடுங்கள். ஒரு லாட்டை நிறைந்த சிலிண்டரிலும் அடுத்ததைக் காலியாகும் சிலிண்டரிலும் சுட்டுவிட்டு ஒப்பிடுவது அநியாயம்.

10 குண்டுக்கு ஒரு புது அட்டை. 40-ஐயும் ஒரே அட்டையில் போட்டால் நடுவில் ஒரு பொத்தல்தான் மிஞ்சும், அளக்க முடியாது. அட்டையின் மூலையில் ஊசியால் இரண்டு குறி குத்தி வையுங்கள். பிறகு நான்கு அட்டையையும் விளக்கின் முன் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால், நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். ஒவ்வொரு அட்டையும் நன்றாக இருந்து, நான்கின் நடுப்புள்ளிகளும் நான்கு இடத்தில் இருந்தால் கிளாம்ப்போ ரெகுலேட்டரோ நகர்கிறது என்று பொருள்.

---

ஈயக்குண்டு

அக்கா, ஒரு இடத்துல மாறுபடறேன். ஏ லாட் 40, அப்புறம் பி லாட் 40, அப்புறம் சி லாட் 40னு வரிசையா போட்டா, நடுவுல ஹால் சூடாகுது, பேரல் அழுக்காகுது. அந்தப் பாவம் எல்லாம் சி தலையில விழும். ஏ-பி-சி, ஏ-பி-சினு பத்துப் பத்தா மாத்தி மாத்திப் போடறதுதான் நியாயம்.

---

வேளச்சேரி_வாணி

நியாயம்தான். ஆனால் லாட் மாறும் ஒவ்வொரு முறையும் பேரலில் பழைய குண்டின் ஈயம் இருக்கிறது. மாற்றிய முதல் சில குண்டுகள் இடம் மாறி விழுவதை அட்டையிலேயே பார்க்கலாம். பத்துக்கு ஒருமுறை மாற்றினால் பாதி சோதனை அந்தத் தடுமாற்றத்திலேயே போய்விடும்.

---

ஈயக்குண்டு

அப்ப இப்படி வெச்சுக்கலாம்: ஏ-பி-சி ஒவ்வொண்ணும் 20, அப்புறம் திருப்பி சி-பி-ஏ ஒவ்வொண்ணும் 20. லாட் மாத்தும்போதெல்லாம் 10 குண்டு கணக்குல இல்லாம. மெதுவா நகர்ற எந்தக் கோளாறும் மூணு லாட்டுக்கும் சமமா பங்காகிடும். மூணு லாட்டுக்கு 120 குண்டு கணக்குல, லாட் மாற்றத்துக்கு 40 குண்டு வெளியில, பேரலைச் சுத்தம் பண்ணினதும் போடற 20 தனி (நடுவுல சி-க்குப் பின்னாடி சியே வர்றதால அங்க மாற்றம் இல்ல). ஒரு காலைப் பொழுதுல முடிஞ்சிடும்.

---

வேளச்சேரி_வாணி

இது சரி. இப்படியே செய்யுங்கள்.

---

பத்துமீட்டர்

எடை பார்த்துப் பிரிக்கிறது? உருட்டிப் பார்க்கிறது? இதெல்லாம் உதவுமா?

---

ஈயக்குண்டு

எடைக்குக் கணக்கு சொல்றேன். 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர்ல போனா 10 மீட்டரைக் கடக்க 0.06 வினாடி. அந்த நேரத்துல 18 மி.மீ. கீழ இறங்கும். வேகம் 1 மீட்டர் மாறினா அட்டையில 0.2 மி.மீ. மேல கீழ. எடை 5 மில்லிகிராம் மாறினா, கிட்டத்தட்ட 1%, வேகம் அரை சதவீதம் மாறும், அட்டையில 0.17 மி.மீ.

அதனால 0.01 கிராம் காட்டுற சமையல் தராசு எதுக்கும் ஆகாது; அதோட ஒரு படியே 10 மில்லிகிராம். 0.001 காட்டணும். சவுகார்பேட்டையில நகைத் தராசு விக்கிற கடைகள்ல கிடைக்கும், கூடவே 1 கிராம் சோதனைப் படிக்கல்லும் வாங்குங்க. ஃபேன், ஏசி ரெண்டையும் நிறுத்திட்டு எடை போடணும். 50 குண்டுக்கு ஒரு தடவை படிக்கல்லை வெச்சுப் பாருங்க, எண் நகர்ந்திருக்கும்.

ஆனா நல்ல மேட்ச் டின்னுல 3-4 மில்லிகிராமுக்குள்ளதான் மொத்தமும் அடங்கும். அதுல பிரிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. எடை போடறதோட பயன், வழிதவறின ஒண்ணு ரெண்டு குண்டைப் பொறுக்கி எறியறது மட்டும்தான். பயிற்சி டின்னுக்கு இது நிஜமா உதவும்.

க்ரோனோகிராஃப் (குண்டோட வேகத்தை அளக்கற கருவி) வெச்சிருக்கறவங்க 10 குண்டோட வேகத்தை எழுதுங்க. உச்சத்துக்கும் அடிக்கும் 3 மீட்டருக்குள்ள இருந்தா ரெகுலேட்டர் நல்லா இருக்கு. 6, 7னு போனா லாட் டெஸ்ட்டை நிறுத்திட்டு முதல்ல ரெகுலேட்டரைப் பாருங்க. ட்யூப் லைட், மலிவான எல்.இ.டி. வெளிச்சத்துல ஒளிவகை க்ரோனோ பொய் சொல்லும், மின்சாரத்தோட துடிப்புல வெளிச்சம் நடுங்கறதால. 250னு ஒரு எண் வந்தா பயப்படாதீங்க, விளக்கை மாத்துங்க.

---

லேத்மணி_அம்பத்தூர்

உருட்டல் சோதனைக்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். லேசா சாய்ச்சு வெச்சு ஒவ்வொரு குண்டா பக்கவாட்டுல விடுங்க. தலையும் ஸ்கர்ட்டும் வேற வேற அளவுங்கறதால நேரா ஓடாது, வளைஞ்சு ஓடும். எல்லாக் குண்டும் ஒரே வளைவுல போய் ஒரே இடத்துல நிக்கணும். ஸ்கர்ட் நசுங்கினது துள்ளித் துள்ளிப் போகும். தலை சின்னதா இருக்கறது இன்னும் இறுக்கமா வளையும். கண்ணுக்குத் தெரியாத நசுங்கலைக் கண்ணாடி காட்டிக் கொடுக்கும்.

தலையை வெர்னியர்ல அளக்காதீங்க. ஈயம் மெத்து. தாடை பட்டதுமே 0.01, 0.02 உள்ள போயிடும், நீங்க அளக்கறது உங்க விரலோட பலத்தை. 4.48லருந்து 4.52 வரைக்கும் துளை போட்ட கேஜ் பிளேட்டுல விழுதா நிக்குதான்னு பாருங்க. அதுலயும் அழுத்தக் கூடாது.

---

அடையாறு_உப்புக்காற்று

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை: நம் ஊர் ஈரம். நல்ல லாட்டாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வைத்து, ஆறு மாதத்தில் கெடுத்துவிடுகிறோம்.

டின்னைத் திறந்து ஒரு குண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புதிதாக இருந்தால் சாம்பல் நிறத்தில் மென்மையான பளபளப்பு. கெட்டதில் ஸ்கர்ட்டின் உள்விளிம்பில் திருநீறு பூசியது போல வெள்ளையாக இருக்கும், விரலில் ஒட்டும். அது ஈயம் அரித்த உப்பு. அந்தக் குண்டின் எடையும் போச்சு, விளிம்பும் போச்சு. அந்தத் தூள் பேரலுக்குள்ளும் போகும். துடைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

இதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை. பிளைவுட், எம்.டி.எஃப். பலகையும் அதன் பசையும் மெல்லிய அமிலக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். புது மர அலமாரியைச் சாத்தி வைத்தால் உள்ளே அது தேங்கும். ஈயத்துக்கு அது விஷம். ஆகவே மர அலமாரி வேண்டாம், அட்டைப் பெட்டி வேண்டாம். ரப்பர் விளிம்புள்ள எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஜெல்லை மாற்றுங்கள்.

ரைஃபிளுக்கும் இதே கவனம். ஏசி ஹாலில் இரண்டு மணி நேரம் குளிர்ந்த ரைஃபிளை அப்படியே பெட்டியைத் திறந்து வெளியே எடுத்தால் சித்திரை வெயிலில் பேரலின் உள்ளும் புறமும் வியர்க்கும். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். ஹேண்ட் பம்ப்பில் காற்றடிப்பவர்களுக்கு ஈரம் சிலிண்டருக்குள்ளேயே போகிறது. பம்ப்பில் உலர்த்தும் வடிகட்டி கட்டாயம், 50 அடிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு அடியில் தண்ணீரை வெளியேற்றுங்கள். சீலுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். மோட்டார் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் உயரழுத்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும். சிலிண்டர் மேல் பொறித்த தேதியிலிருந்து 10 ஆண்டு தாண்டிவிட்டால் அதில் காற்றே அடிக்க வேண்டாம்.

---

சுருள்வில்

குண்டுக்குச் சராசரி 9.8 புள்ளியில நிக்கிறவங்களுக்கும் இவ்வளவு வேணுமா? வேளச்சேரி குருநானக் காலேஜ் ரேஞ்சுல 2024 ஜனவரியில கேலோ இந்தியா நடந்தப்புறம் நிறைய பசங்க புதுசா வந்திருக்காங்க. அவங்களுக்கும் சேர்த்துதான் கேட்கிறேன்.

---

ஈயக்குண்டு

நல்ல கேள்வி. சிதறல்கள் நேரா கூடாது, வர்க்கமா கூடும். அதுதான் இதுக்குப் பதில்.

10 வளையம்ங்கறது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. 10.9 வேணும்னா குண்டோட நடு, அட்டையோட நடுவுலருந்து 0.25 மி.மீ.க்குள்ள இருக்கணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு 0.25-க்கும் ஒரு 0.1 போகும். பாரிஸ் 2024ல நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 60 குண்டுக்கு எடுத்தது 630.7. குண்டுக்கு 10.5. அதாவது நடுவுலருந்து சராசரியா 1.1 மி.மீ.

அந்த நிலையில இருக்கறவர் கையில நல்ல லாட்டுக்குப் பதிலா மோசமான லாட்டைக் கொடுக்கறோம்னு வெச்சுக்கோங்க. குண்டோட அடிப்படைச் சிதறல் 0.2 மி.மீ.ல இருந்து 0.5 மி.மீ. ஆகுது. கணக்குப் போட்டா 60 குண்டுல 3 புள்ளிக்குக் கொஞ்சம் மேல போகும். அந்த மட்டத்துல 3 புள்ளின்னா ஃபைனல் கதவு. அதே லாட்டை 9.8 சுடறவருக்குக் கொடுத்தா ஒன்றரைப் புள்ளிகூட போகாது, அவரோட சொந்த ஆட்டமே அதை விழுங்கிடும்.

அதனால 10.2 சராசரி தாண்டற வரைக்கும் ஒரே ஒரு நல்ல லாட்டை மொத்தமா வாங்கி, அதையே சுடுங்க. லாட் டெஸ்ட்டுக்குச் செலவாகிற காசுல இன்னும் நாலு டின் பயிற்சிக்கு வரும்.

---

வேளச்சேரி_வாணி

நூற்றுக்கு நூறு. ஆனால் புதுப் பிள்ளைகளுக்கும் ஒன்று கட்டாயம்: வாரத்துக்கு ஒரு டின், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு டின் என்று மாற்றாதீர்கள். சைட் திருத்தம் ஏன் நகர்கிறது என்று பிள்ளைக்கும் புரியாது, சொல்லிக்கொடுப்பவருக்கும் புரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சோதனை நாளில் நூற்றுக்கணக்கான குண்டு கையில் புழங்கும். ஈயம் தோல் வழியாக அதிகம் போகாது, கை வழியாக வாய்க்குப் போகும். குண்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். ரேஞ்சில் பஜ்ஜி, வடை எதுவும் வேண்டாம். சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். குண்டு பிடிக்கும் பெட்டியை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

---

பத்துமீட்டர்

எல்லாருக்கும் நன்றி. என் பிளான்: மூணு லாட், ஏ-பி-சி / சி-பி-ஏ, கிளாம்ப்ல, 120 குண்டு, சராசரி ஆரம். முதல்ல டயல் கேஜ் முள் திரும்பி வருதான்னு பார்த்துட்டு அப்புறம்தான் முதல் குண்டு. 25%க்குக் கம்மியா வித்தியாசம் வந்தா சண்டையே இல்ல, கம்மி விலை. இதுல ஏதாச்சும் விட்டுட்டேனா?

---

லேத்மணி_அம்பத்தூர்

ஒண்ணு விட்டுட்டீங்க. மூணு டின்னையும் ஒரே மேசையில திறந்து வெச்சா மூடி மாறிடும். மார்க்கர் பேனாவால ஏ, பி, சின்னு மூடியில எழுதாதீங்க, டின்னோட பக்கவாட்டுல எழுதுங்க. லாட் எண்ணை ஒவ்வொரு அட்டையோட பின்னாடியும் சுடறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க.